வரும் அழைப்பின் விலை

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் நள்ளிரவு கடந்து கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. வேதாரண்யம் வட்டத்தில் இருக்கும் நம் சிற்றூரில் தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, செல்பேசிக் கோபுரங்கள் ஊமையாயின. ஊரில் தனியே வசித்த தாயாரின் குரலைக் கேட்கப் பல நாட்கள் ஆயின. அது இயற்கையின் செயல். அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இக்கட்டுரைக்குக் காரணமானது அதற்குப் பிறகு நடந்த சிறியதொரு சம்பவம்.

டிசம்பர் பாதியில் கோபுரங்கள் உயிர்பெற்றுவிட்டன. அண்டை வீட்டார் பேசுகிறார்கள். தாயாரின் எண்ணுக்கு மட்டும் அழைப்பு போகவில்லை. பேட்டரி போயிருக்கும் என்று ஒரு நாள், கோபுரம் மறுபடியும் படுத்திருக்கும் என்று ஒரு நாள், இப்படியே நான்கு நாட்கள் கழிந்தன. ஐந்தாம் நாள் பேருந்தேறிப் போய் நின்றபோது திண்ணையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "ஏன்ப்பா, நாலு நாளா யாருமே ஒரு போனு பண்ணலியே?" நாம் நாளுக்குப் பத்து முறை அழைத்தோம் என்பதை அவருக்குப் புரியவைக்கச் சற்று நேரம் பிடித்தது.

பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. கோபுரமும் சரி. கணக்கில் பதினேழு ரூபாய் இருப்பு கூட இருந்தது. குறை இதுதான்: 28 நாட்களுக்கு ஒரு முறை குறைந்தது 35 ரூபாய் செலுத்தாத எண்ணுக்கு வெளியழைப்பையும், அதன்பின் சில நாட்களில் உள்ளழைப்பையும் நிறுத்திவிடுவது என்று செல்பேசி நிறுவனங்கள் அந்தப் பருவத்தில்தான் முடிவெடுத்திருந்தன. தாயாரின் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. பெயர் இங்கே வேண்டாம். எச்சரிக்கைக் குறுஞ்செய்திகள் ஏழெட்டு வந்திருந்தன. எல்லாம் ஆங்கிலத்தில். அவற்றை விளம்பரம் என்று எண்ணித் தாயார் திறந்தும் பார்க்கவில்லை.

எந்தப் போன் வாங்கலாம், எந்தத் திட்டம் மலிவு என்று கல்லூரியில் மாணவர்களும் சக ஆசிரியர்களும் நம்மை அவ்வப்போது கேட்பதுண்டு. தமிழாசிரியரிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது என்று சிரித்துவிட்டு நகர்ந்ததுண்டு. அந்தத் திண்ணைக்குப் பிறகு சிரிக்க முடியவில்லை. இந்தியாவில் ஒருவர் செல்பேசியையும் கட்டணத் திட்டத்தையும் தேர்ந்தெடுக்கும் முறையை ஆராயப் புகுந்தால், அதன் அடியில் பேசுவதற்கான விலையைக் காட்டிலும் பேச்சைக் கேட்பதற்கான விலையே இருப்பதைக் காணலாம். அவ்விலை இருந்தது, இல்லாமற்போனது, மீண்டும் வந்தது. அந்த வரலாற்றையே இங்கே எழுத விழைகிறோம்.

செல்பேசிக்கு முன்பு நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு வரும் அழைப்புக்குக் காசில்லை, கூச்சம்தான் இருந்தது. திருமண அழைப்பிதழ்களிலும் முகவரி அட்டைகளிலும் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்ற இரண்டெழுத்து இருக்கும். எண் பக்கத்து வீட்டுக்காரருடையது, கூப்பிட்டால் ஆளனுப்பி அழைப்பார்கள் என்பது அதன் பொருள். சோற்றில் கைவைத்திருக்கும் நேரத்தில் "உங்களுக்குப் போன்" என்ற குரல் கேட்கும். அடுத்த வீட்டுக் கூடத்தில் நின்றபடி, அவ்வீட்டார் காதுபட நம் வீட்டுக் கதையைப் பேசவேண்டும். இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வெளியே பேசுவதற்கு எஸ்.டி.டி. பூத். இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும் என்பதால், கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே பின்னிரவில் வரிசை நீளும். கல்லூரி விடுதியில் இருந்த ஆண்டுகளில் உள்ளே சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசிப் பழகியவர்கள் நாம். இன்றும் தொலைபேசியில் நலம் விசாரிக்குமுன் விஷயத்துக்கு வந்துவிடும் பழக்கம் அந்தச் சிவப்பு எண்கள் கற்றுக்கொடுத்ததுதான்.

1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லி சஞ்சார் பவனில் இருந்த மத்திய தகவல்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் செல்பேசி உரையாடல் அது. மோடி டெல்ஸ்ட்ரா என்ற கூட்டு நிறுவனத்தின் வலையமைப்பில் நடந்தது. சென்னைக்கு உரிமம் பெற்றிருந்தவை ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்ற இரு நிறுவனங்கள். இன்றைய மாணவருக்கு இரு பெயர்களுமே தெரியாது.

அன்றைய கட்டணம் நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை. அத்தொகையைவிட வியப்பானது, அழைத்தவர் மட்டுமல்லாமல் அழைக்கப்பட்டவரும் செலுத்தினார் என்பது. மணி ஒலித்ததும் யார் எண் என்று பார்த்துவிட்டுத் துண்டித்து, அருகிலுள்ள பூத்துக்கு ஓடி அங்கிருந்து திருப்பி அழைத்த கனவான்களைப் பற்றி அன்று கேலிக்கதைகள் உலவின. கையில் செல்பேசி, வரிசையில் ஆள்! கேலி ஒருபுறம் இருக்கட்டும். கேட்பவரிடம் ஏன் பணம் வாங்கினார்கள் என்பதற்குக் காரணம் எளிமையானது. நாட்டின் தொலைபேசிகளில் ஏறத்தாழ எல்லாமே அரசின் தரைவழித் தொலைபேசிகள். அதிலிருந்து செல்பேசிக்கு ஒருவர் அழைத்தால் அவர் கொடுக்கும் கட்டணம் முழுவதும் தொலைத்தொடர்புத் துறைக்கே போயிற்று. அழைப்பைச் சுமந்து வந்து காதில் சேர்த்த செல்பேசி நிறுவனத்துக்கு அதில் பங்கில்லை. அது தன் கூலியைத் தன் வாடிக்கையாளரிடமே, அதாவது கேட்பவரிடமே வாங்கிக்கொண்டது.

இம்முறையை மாற்ற 1997இல் அமைக்கப்பட்ட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (மக்கள் வழக்கில் 'டிராய்') ஒரு முறை முயன்று தோற்றது. அழைப்பவரே செலுத்தவேண்டும் என்று 1999இல் அது வகுத்த விதியை 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. மூன்றாண்டுகள் கழித்து, 2003 மே 1ஆம் நாள் முதல் புதிய இணைப்புக் கட்டண முறை நடைமுறைக்கு வந்தது, உள்ளழைப்பு இலவசமாயிற்று.

இந்த இணைப்புக் கட்டணத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். கட்டுரையின் முடிச்சே இதில்தான் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரை அழைக்கிறார். அழைத்தவரிடம் பணம் வாங்கிய நிறுவனம், அதில் ஒரு பகுதியைக் கேட்பவரின் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். 2004இல் அப்பகுதி நிமிடத்துக்கு 30 காசு. 2009 ஏப்ரலில் 20 காசு. 2015 மார்ச்சில் 14 காசு. கேட்பவர் ஒரு காசும் தரவேண்டாம். ஆனால் அவர் கேட்கக் கேட்க அவருடைய நிறுவனத்துக்கு வரும்படி உண்டு.

வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர், இந்தக் கணக்கில், நல்ல வாடிக்கையாளர். நம் தாயாரையே எடுத்துக்கொள்வோம். வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் அவரிடம் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் பேசுகிறார்கள்; எல்லோரும் வேறு நிறுவனத்தார் என்று வைத்துக்கொள்வோம். 20 காசுக் காலத்தில் அவருடைய மௌனம் மாதத்துக்கு அறுபது ரூபாய் ஈட்டித் தந்தது. அவர் ரீசார்ஜ் செய்தாலென்ன, செய்யாவிட்டாலென்ன!

நிறுவனங்கள் 'வாழ்நாள் சந்தா' என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியதன் பொருளாதாரம் இதுவே. 2005 டிசம்பரில் 999 ரூபாய் கட்டினால் வாழ்நாள் முழுவதும் உள்ளழைப்பு இலவசம் என்றார்கள். பிறகு அத்தொகையும் மளமளவென்று இறங்கியது. யாருடைய வாழ்நாள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. சந்தாதாரரின் வாழ்நாளன்று, நிறுவனத்தின் உரிமம் உள்ள நாள் என்று டிராய் பின்னர் விளக்கியது. 2006இல் தாயாருக்கு நாம் வாங்கிக்கொடுத்தது அப்படியொரு வாழ்நாள் சிம்தான். திருவிழாக் கடையில் வளையல் வாங்குவதுபோல விலை விசாரித்து வாங்கினோம்.

அதைப் பொருத்திக்கொடுத்த கருவி நோக்கியா 1100. செல்பேசியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு அந்த ஆண்டுகளில் விடை ஒன்றே. தேர்வு என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை. 2003இல் வெளியான அந்த மாடல் உலகெங்கும் இருபத்தைந்து கோடிக்கு மேல் விற்றது. தூசி புகாத பொத்தான் பலகை, வழுக்காத முதுகு, நெற்றியில் ஒரு டார்ச் விளக்கு. வயல் வரப்பில் இரவில் நடப்பவனை நினைத்து வடிவமைத்த கருவி என்று அதைத் தயங்காமல் சொல்லலாம். 2006 ஜனவரியில் அந்நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் ஆலையைத் திறந்தது. வட மாவட்டச் சிற்றூர்களிலிருந்து இளம்பெண்கள் பேருந்து பேருந்தாக அங்கே வேலைக்குப் போனார்கள். வரிவழக்கு, கைமாற்றம், ஆணைகள் வற்றியது என்று பல காரணங்களால் 2014 நவம்பர் 1ஆம் நாள் அது மூடப்பட்டது. அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 2019 முதல் வேறொரு ஆலையில் ஐபோன்கள் தயாராகின்றன. எளியவர் போன் செய்த ஊர் இன்று செல்வர் போன் செய்கிறது. செய்யும் கைகள் என்னவோ அன்றும் இன்றும் ஒன்றுபோல்தான்.

உள்ளழைப்பு இலவசம், வெளியழைப்புக்குக் காசு என்ற இந்த ஏற்றத்தாழ்விலிருந்து ஒரு மொழி பிறந்தது. அதன் பெயர் மிஸ்டு கால். ஒரு மணி என்றால் வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு மணி என்றால் நீ கூப்பிடு. விடாமல் மூன்று முறை என்றால் ஏதோ அவசரம். வீட்டுக்கு வீடு இலக்கணம் வேறுபடும். சங்கப் பாடல்களில் தலைவன் இரவில் வந்து குறி செய்வதைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும்போது, பின்வரிசையில் ஒருவன் "மிஸ்டு கால் சார்" என்று சொல்ல, வகுப்பே சிரித்தது. அவன் சொன்னது சரி என்றே அன்றும் நமக்குப் பட்டது. ஒலிக்கும், ஆனால் பேசாது, காசும் கேட்காது. இதையே தொழிலாக்கி 2010இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஜிப்டயல் என்ற நிறுவனத்தை 2015இல் ட்விட்டர் விலைக்கு வாங்கியது. ஏழைகள் காசை மிச்சப்படுத்தக் கண்ட உபாயத்தைக் கலிபோர்னியாக்காரர் காசு கொடுத்து வாங்கினார் என்றால் நம் பாட்டிமார் நம்பியிருக்கமாட்டார்கள்.

2003 மார்ச்சில் நாட்டில் ஏறத்தாழ 1.3 கோடி செல்பேசி இணைப்புகள் இருந்தன. 2010 மார்ச்சில் 58 கோடி. இடையில் எத்தனையோ நடந்தன. ரிலையன்ஸ் 2003இல் 501 ரூபாய்க்குக் கருவியும் இணைப்பும் சேர்த்துத் தந்தது, அந்தச் சி.டி.எம்.ஏ. கருவியில் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட முடியாது என்பது வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். இந்தியா முழுவதற்கும் நிமிடம் ஒரு ரூபாய் என்றது. 2009இல் டாட்டா டோகோமோ நொடிக்கு ஒரு காசு என்றது; 'ஒரு நிமிடம்' என்ற அலகே உடைந்தது. 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நாடெங்கும் வந்தது. 2012 பிப்ரவரி 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. அவ்விவகாரத்தின் அரசியலைத் தமிழ் வாசகருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களை 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

2016 செப்டம்பர் 5ஆம் நாள் ஜியோ வந்தது. பேச்சுக்கு எப்போதும் காசில்லை, தரவுக்குத்தான் விலை என்றது. தொடக்கத்தில் சில மாதங்கள் அத்தரவும் இலவசம். இதன் பலன்களை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நாமும் அதே தரவில்தான் பழைய நூல்களின் மின்வடிவங்களைத் தரவிறக்கிப் படித்தோம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒளியில் இணைப்புக் கட்டணம் என்ற சிறு விவகாரம் கண்ணுக்குத் தெரியாமற்போயிற்று. இலவசமாகப் பேசுகிறவர்கள் கூடியதும் புதிய நிறுவனத்திலிருந்து பழைய நிறுவனங்களுக்குப் போகும் அழைப்புகள் பெருகின. ஒவ்வொரு நிமிடத்துக்கும் அது 14 காசு கொடுத்தாகவேண்டும். அது கட்டணத்தை ஒழிக்கச் சொல்லிற்று. பழையவை உயர்த்தக் கேட்டன. டிராய் 2017 அக்டோபர் 1 முதல் 6 காசாகக் குறைத்தது. 2021 ஜனவரி 1 முதல் அறவே நீக்கியது.

இடையில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. 2019இல் ஜியோ தன் வலையமைப்பிலிருந்து போகும் அழைப்புகளின் மணியொலிக்கும் நேரத்தைச் சுமார் இருபது நொடியாகச் சுருக்கியது. எதிர்முனையார் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் மணி நின்றுவிடும். எடுக்கத் தவறியவர் திருப்பி அழைப்பார். திருப்பி அழைத்தால் 6 காசு இந்தப் பக்கம் வரும். அதற்காகத்தான் செய்கிறார்கள் என்று போட்டி நிறுவனங்கள் புகார் சொன்னதோடு, தாங்களும் நேரத்தைக் குறைத்துக்கொண்டன. கடைசியில் 2019 நவம்பரில் டிராய் தலையிட்டு, செல்பேசிக்கு முப்பது நொடி, தரைவழித் தொலைபேசிக்கு அறுபது நொடி மணியடிக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. பல்லாயிரம் கோடி முதலுள்ள நிறுவனங்களுக்கிடையே எழுந்த வழக்கு, கூர்ந்து பார்த்தால், யார் யாருக்கு மிஸ்டு கால் கொடுப்பது என்பதுதான்.

இப்போது தாயாரின் கணக்குக்குத் திரும்புவோம். நாளுக்குப் பத்து நிமிடம் கேட்கும் அவரால் 20 காசுக் காலத்தில் மாதம் அறுபது ரூபாய் வந்தது என்றோம். 14 காசில் அது நாற்பத்திரண்டு. 6 காசில் பதினெட்டு. அதன்பின் ஒன்றுமில்லை. அவர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அதே திண்ணை, அதே கருவி, அதே மௌனம். நேற்றுவரை வரவாக இருந்தவர் செலவாகிவிட்டார். இணைப்புக் கட்டணம் 6 காசாகிய ஓராண்டில், 2018 குளிர்காலத்தில், '35 ரூபாய் கட்டு, இல்லையேல் உள்ளழைப்பு இல்லை' என்ற அறிவிப்பு வந்ததை நாம் தற்செயலாகக் கருதவில்லை. கடும் போட்டியில் வருமானம் சரிந்திருந்தது என்று நிறுவனங்கள் சொன்னதும் உண்மையே. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் தமிழ்நாட்டில் ஏர்செல் அணைந்து, லட்சக்கணக்கானோர் எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் குறியீட்டுக்காகக் காத்திருந்தார்கள். நிறுவனங்கள் அழியும் நிலையில் இருந்தன என்பது நியாயமான வாதம். அந்நிலையில் வாழ்நாள் சந்தா கட்டியவர்களிடமும் வசூலித்தார்களே, அதற்கு எந்த வாதமும் நம் காதில் விழவில்லை.

அந்த 35 ரூபாய் அங்கேயே நிற்கவில்லை. பெரிய நிறுவனம் ஒன்றில் எண்ணை உயிரோடு வைத்திருக்கத் தேவையான மிகக் குறைந்த தொகை, 2023இல் பெரும்பாலான வட்டங்களில் 155 ரூபாய். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பின் 199. அதற்குள் அளவற்ற பேச்சு உண்டு, தரவும் உண்டு. வேண்டாதவருக்கும் உண்டு.

மாதம் என்று நாம் சொல்வதும் மாதமன்று. சூரியனைக் கொண்டு பார்த்தாலும் சந்திரனைக் கொண்டு பார்த்தாலும் 28 நாள் மாதம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. அது ரீசார்ஜ் கடைச் சுவரொட்டியில் மட்டுமே உண்டு. ஆண்டுக்கு அப்படிப் பதின்மூன்று மாதங்கள். சம்பளம் பன்னிரண்டு முறை வருகிறவரிடம் பதின்மூன்று முறை வாங்கும் இந்த நாட்காட்டியைப் பற்றிப் புகார்கள் குவிந்தபின், முப்பது நாள் திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்கவேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் விதித்தது.

எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் வந்தன என்றோமல்லவா? அதிலும் விலை ஒளிந்திருக்கிறது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தானால் 160 இடம். யூனிகோடுத் தமிழானால் 70 மட்டுமே. அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் பிடிக்கும். 'வணக்கம்' என்ற ஐந்தெழுத்துச் சொல்லுக்கு ஏழிடம். ஆகவே ஒரே சேதியைத் தமிழில் சொன்னால் இரண்டு மூன்று குறுஞ்செய்தியாகும். ஒரு தலைமுறை ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிப் பழகியதற்குச் சோம்பல் காரணம் என்று மேடையில் முழங்குவோர் இந்த எழுபதையும் கணக்கில் எடுக்கலாம். முத்து நெடுமாறனின் செல்லினம் 2005இலேயே சிங்கப்பூரில் வெளிவந்து செல்பேசியில் தமிழில் எழுத வழிசெய்தது. எனினும் பல ஆண்டுகள் கழித்து வாங்கிய கருவிகளிலும் தமிழ் கட்டங் கட்டமாகத் தெரிந்ததை நாம் கண்டிருக்கிறோம். திறன்பேசி வாங்குமுன் கடையிலேயே ஒரு தமிழ்த் தளத்தைத் திறந்து காட்டச்சொல்லி, கொம்பு இடம்மாறி நிற்கிறதா என்று பார்த்து வாங்கிய காலம் ஒன்று இருந்தது. விற்பனையாளர்கள் நம்மைப் பார்த்த பார்வை மறக்கவில்லை.

2020இல் பெருந்தொற்று வந்து வகுப்பறை செல்பேசிக்குள் புகுந்தபோது, தேர்ந்தெடுத்தல் என்ற சொல்லுக்கே வேறு பொருள் வந்தது. நம் மாணவியர் பலருக்குக் கருவி அண்ணனுடையது; அவன் வேலையிலிருந்து திரும்பிய பிறகே கைக்கு வரும். காலை வகுப்பை இரவில் கேட்பார்கள். காணொளி வகுப்பு ஒரு நாள் தரவைத் தின்றுவிடுகிறது என்று ஒரு மாணவி சொன்னபின், பாடத்தைக் குரல்பதிவாக்கி வாட்ஸாப்பில் அனுப்பத் தொடங்கினோம். சிலப்பதிகாரத்தின் ஒரு காதை சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி மாணவர் ஒன்பதரை லட்சம் பேருக்கு மேல் நாளுக்கு 2 ஜி.பி. தரும் அட்டைகளைத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல செயல். அட்டையைப் போடுவதற்குக் கருவி இல்லாதவர்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

ஆகவே இன்று எதைத் தேர்ந்தெடுப்பது? கேட்பவர்களுக்கு நாம் சொல்வது அதிகமில்லை. முதலில் வீட்டின் பின்கட்டில் நின்று எந்த நிறுவனத்தின் அலை கிடைக்கிறது என்று பாருங்கள். கிடைக்காத மலிவுத் திட்டம் மலிவன்று. அடுத்து, கையிலிருக்கும் கருவி எதை ஏற்கும் என்று பாருங்கள். ஜியோவுக்கு இரண்டாம் தலைமுறை அலையே கிடையாது; நோக்கியா 1100இல் அந்தச் சிம் ஊமை. 2023இல் அந்நிறுவனம் 999 ரூபாய்க்கு ஒரு பொத்தான் கருவியும் அதற்கென்று 28 நாட்களுக்கு 123 ரூபாய்த் திட்டமும் கொண்டுவந்தது. ஆனால் அக்கருவியில் வேறு சிம் ஏறாது. இருபதாண்டுக்கு முந்தைய 501 ரூபாய்ப் போனை நினைவிருப்பவர்களுக்கு இது புதிதன்று. மாணவராயின் 28ஐ விட்டு 84 நாள் திட்டத்துக்கு நாளொன்றுக்கு என்ன ஆகிறது என்று வகுத்துப் பார்க்கச் சொல்கிறோம். தமிழ் படிப்பவர்களும் வகுத்தல் செய்யலாம்.

பேச மட்டுமே விரும்புவோருக்குத் தரவில்லாத திட்டம் ஒன்று இருக்கவேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி செய்தது. 2025 ஜனவரியில் பெரிய நிறுவனங்கள் இரண்டு அப்படியான திட்டங்களை வெளியிட்டன. முதலில் ஒரு விலை சொல்லி, சில நாட்களில் சற்றுக் குறைத்தன. ஓராண்டை ஒட்டிய கால அளவுக்கு 1750லிருந்து 1850 ரூபாய். நாளுக்கு ஐந்து ரூபாய்ச் சொச்சம். 28 நாளுக்கு ஒரு முறை நினைவு வைத்துக்கொள்ளவேண்டிய தொல்லை இல்லை என்பதே நமக்கு அதில் பெரிதாகப்பட்டது. தாயாரின் எண்ணுக்கு அந்த ஆண்டு மாசியில் அப்படியொன்றைக் கட்டினோம்.

கூடவே நான்காம் தலைமுறைப் பொத்தான் கருவி ஒன்றையும் வாங்கிக்கொடுத்தோம். பெரிய எழுத்து, உரத்த மணி. தாயார் ரசீதைக் கையில் வாங்கி எண்ணைப் பார்த்தார். "ஆயிரத்து எண்ணூறா? நான் யாருக்குப்பா போன் பண்ணப்போறேன்?" என்றார். நீங்கள் பண்ணவேண்டாம், நாங்கள் பண்ணினால் மணியடிக்கத்தான் இது என்றோம். "அதுக்குமா காசு?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் கருவியை முந்தானையில் துடைத்தார். பழைய 1100ஐத் தூக்கிப்போட அவர் சம்மதிக்கவில்லை. புயலுக்குப் பிறகு மின்சாரம் இல்லாத அந்த நாட்களில், கோபுரம் விழுந்து யாரையும் கூப்பிட முடியாத நிலையிலும், அதன் டார்ச் வெளிச்சத்தில்தான் இரவில் கொல்லைக்குப் போய்வந்தாராம். இப்போது சிம் இல்லாமல் மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாரம் ஒரு முறை மறக்காமல் சார்ஜ் போட்டுவைக்கிறார்.